காலிப் பெட்டி என்று எழுதியது நான்தான்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் பிக்கப் வண்டியும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை முதலில் நீங்கள் மட்டும் படியுங்கள். அவளுக்கு எதைச் சொல்வது, எதை விடுவது என்று பிறகு போனில் பேசிக்கொள்ளலாம்.

கருவிகளைப் போட்டு வைக்க நீங்கள் போன மாதம் வாங்கிக் கொடுத்த தகரப் பெட்டி இப்போது என்னிடம் இல்லை. உள்ளே இருந்த பதினெட்டுக் கருவிகளும் இல்லை. ஆனால் திருட்டுப் போகவில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சிக்னலில் நின்றபோது வண்டியின் பின்னாலிருந்து யாரோ என் பெரிய ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு போனார்களே, அன்றைக்கு உங்கள் மனைவி என்னிடம் வாங்கிய சத்தியம் உங்களுக்கு நினைவிருக்கும். "இன்னொரு தடவை திருட்டுப் போச்சுன்னா வண்டிச் சாவியை அம்மாகிட்ட குடுத்துடணும்ப்பா, அப்புறம் குழாய் வேலை கிடையாது" என்றாள். "திருட்டுப் போச்சுன்னா" என்பதுதான் அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை. நான் வார்த்தை தவறாதவன். அவளும் தவறக் கூடாது.

அந்தப் பெட்டியோடு நீங்கள் நாலு போல்ட்டும் ட்ரில்லிங் மெஷினும் கொண்டு வந்தீர்கள். "மாமா, அடியில நாலு போல்ட்டு போட்டு வண்டியோட சேர்த்து முறுக்கிட்டா யானை வந்தாலும் அசைக்க முடியாது" என்றீர்கள். நல்லாயிருக்கிற வண்டியில் ஓட்டை போட நான் சம்மதிக்கவில்லை. தண்ணீர் எப்போதும் ஓட்டையைத்தான் தேடும். இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை. என் வீட்டுக் குழாய் ஒழுகியது, நானே கற்றுக்கொண்டு அடைத்தேன், அது வேறு இடத்தில் ஒழுகியது, அதையும் கற்றுக்கொண்டேன், இப்படித்தான் முப்பது வருடமாகத் தொழில் நடக்கிறது. ஆகவே பெட்டியைக் கயிற்றால் என் கைப்பட முடிச்சுப் போட்டுக் கட்டினேன். அதோடு விடவில்லை. மூடியின் மேல் வெள்ளை பெயிண்டில் பெரிதாக "காலிப் பெட்டி" என்று எழுதினேன். காலிப் பெட்டியை எந்தத் திருடன் தொடுவான்? பூட்டையும் கழற்றிவிட்டேன். காலிப் பெட்டிக்கு எவனாவது பூட்டுப் போடுவானா? பூட்டு இருந்தால்தான் சந்தேகம் வரும். இவ்வளவு தூரம் நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள்.

நேற்றுக் காலை பல் டாக்டரம்மா வீட்டில் சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஒழுகல். அவர் வீட்டுக்குப் போகும் மேடு பள்ளமான சாலையில், பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் நான் அடுக்கிய அழகு அப்படி என்று நினைத்துக்கொண்டேன். வெறுங்கையோடுதான் உள்ளே போனேன். ஒழுகலை முதலில் கண்ணால்தான் பார்க்க வேண்டும், கையில் ஸ்பானர் இருந்தால் கை சும்மா இருக்காது. தொட்டிக்கு அடியில் படுத்து முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தால், வண்டியில் கயிறு இருக்கிறது, என் முடிச்சு இருக்கிறது, பெட்டி இல்லை. அடியிலிருந்து உருவியிருக்கிறார்கள். முடிச்சு தோற்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

"பழைய இரும்பு எடுக்கிறவர் வந்தாரு. காலின்னு எழுதியிருந்துச்சா, நீங்க தூக்கிப்போடத்தான் கொண்டு போறீங்கன்னு நெனச்சு, எடுத்துக்கோப்பான்னு நான்தான் சொன்னேன். தேங்க்ஸ் சொல்லிட்டு ஒரு கையாலேயே தூக்கிட்டுப் போனாரு, இன்னொரு கையில போன் பேசிக்கிட்டே" என்றார் டாக்டரம்மா. பதினெட்டுக் கருவிகளை ஒரு கையால் தூக்கியிருக்கிறான். இந்தக் காலத்தில் அப்படிப்பட்ட உடம்பு அபூர்வம்.

பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன்.

"பெட்டியா? லாரியில ஏத்தி அனுப்பியாச்சே, பெரியவரே."

"உள்ள என் பிழைப்பே இருந்துச்சுப்பா. திறந்து பார்க்கலியா?"

"காலின்னு எழுதியிருக்கிற பெட்டியை எதுக்குத் திறக்கணும்? யாரு அப்படி எழுதினது?"

"நான்தான்."

"அப்ப உங்களைத்தான் கேட்கணும்" என்று சொல்லிவிட்டுத் தராசைத் துடைக்கப் போய்விட்டான்.

இப்போது நியாயத்துக்கு வருகிறேன். சொந்தக்காரன் அசந்த நேரம் பார்த்து, ஒரு வார்த்தை கேட்காமல், சத்தமில்லாமல் எடுத்து, ஒளித்து வைப்பதுதான் திருட்டு. பட்டப்பகலில் கேட்டு வாங்கி, தேங்க்ஸும் சொல்லிவிட்டு எடுத்துப் போவது திருட்டாகாது. எனவே சத்தியம் மீறப்படவில்லை, வண்டிச் சாவி என்னிடமே இருக்க வேண்டும். இதை உங்கள் மனைவிக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்வது உங்கள் பொறுப்பு. வண்டி இல்லாமல் நான் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று உங்கள் அத்தையையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

இருவரும் நோய்நொடியில்லாமல், ஒழுகாத குழாய்களோடு நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

மாமனார்

பின்குறிப்பு: எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி இதை உங்கள் அத்தையிடம் கொடுத்தேன். பாதி படித்துவிட்டு, "ஏங்க, ஒரு கையாலயா தூக்கினான்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "கொஞ்சம் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாருங்க" என்றாள். பார்த்தேன். பழைய போர்வையில் சுற்றி, பதினெட்டும் இருந்தன.

"பூட்டாம கிடந்துச்சு, கயிறும் தொளதொளன்னு இருந்துச்சு. நீங்க குளிக்கப் போனப்ப எடுத்து வெச்சேன். சொல்றதுக்குள்ள வண்டியைக் கிளப்பிட்டீங்க" என்றாள்.

"நேத்து வந்ததும் சொல்லக் கூடாதா?"

"வந்ததும் பேப்பரும் பேனாவும்தானே கேட்டீங்க? யாரையாவது பேச விட்டீங்களா?"

பிறகு மீதியையும் படித்தாள். திருட்டு எது என்று நான் எழுதிய இடத்தை மட்டும் சத்தமாக இரண்டு தடவை படித்தாள். "அசந்த நேரம் பார்த்து, கேட்காம, சத்தமில்லாம, ஒளிச்சு வெச்சு. எல்லாம் சரியா இருக்கே. அப்ப நான் பண்ணினதுதானே திருட்டு?" என்று கையை நீட்டினாள். நான் எழுதியதை நானே எப்படி மறுப்பது? சாவி இப்போது அவள் கைப்பையில் இருக்கிறது. நாலு போல்ட்டும் இறங்கினால்தான் திரும்பி வருமாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டியும் ட்ரில்லிங் மெஷினும் கொண்டு வாருங்கள். போல்ட்டுகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஓட்டை போடுவது நான்தான், நீங்கள் பெட்டியைப் பிடித்துக்கொண்டால் போதும். இந்தத் தடவை மூடியின் மேல் என்ன எழுதுவது என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.