புளித்த மாவில் போட்ட பாதங்கள்

செம்பூர்

சிரஞ்சீவி அனந்துக்கு அண்ணா சுப்ரமணியன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் நான் க்ஷேமம், உன் மன்னி என்னைவிட ஒரு பிடி கூடுதல் க்ஷேமம். எங்களை நம்பி நீ விட்டுப்போன வீட்டின் தரைதான் அவ்வளவு க்ஷேமமில்லை. ஸ்ரீலேகா ஆசை ஆசையாய்ப் பொறுக்கிப் போட்ட வெள்ளை மார்பிள் ஆயிற்றே, தன் சீமந்தத்துக்கு வந்து இறங்கியதும் முதலில் அதைத்தானே பார்ப்பாள்! தமிழர் பேட்டையான மாட்டுங்காவில் பிறந்தும் அவளுக்குத் தமிழ் படிக்க வராது, அதனால்தான் அவள் காதில் விழும்படி வாட்ஸ்ஆப்பில் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறேன்.

கோகுலாஷ்டமிக்கு மன்னி வாசலிலிருந்து பூஜை அலமாரி வரை கிருஷ்ணன் பாதம் போட்டாள். மறுநாள் துடைத்தால் மாவு போயிற்று, பாதம் போகவில்லை. சோப்புத் தண்ணீர் விட்டேன். ஈரத்தில் மறைந்தது, "அப்பாடா" என்று நிமிர்வதற்குள் காய்ந்து சமர்த்தாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது. எண்ணெய்க் கறையோ என்று சமையல் சோடா மாவைக் குழைத்து அப்பி, மேலே பிளாஸ்டிக்கை ஒட்டி ஊறவிட்டேன். எண்ணெயாக இருந்தால் அது உறிஞ்சியிருக்கும், ஒன்றும் வரவில்லை, நான்தான் அதை மிதித்து வழுக்கினேன். கீழ்வீட்டு அகிலாண்டம் மாமி, "எலுமிச்சம்பழம் தேய்ச்சா எந்தக் கறையும் ஓடிப்போயிடும் மாமா" என்றாள். தேய்த்தேன். பக்கத்தில் தோசை அகலத்துக்கு இன்னொரு மங்கல் வந்து சேர்ந்தது. அப்புறம்தான் எனக்கு மூளை வேலை செய்தது. குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறவே இல்லை, பளபளப்புதான் போயிருக்கிறது. கறையே இல்லைடா, புளிப்பு கல்லைத் தின்றிருக்கிறது! "விஜயா, பச்சரிசி மாவுலதானே போட்டே?" என்றேன். "ஏன்னா, ஒரு கிண்ணம் தோசை மாவு பொங்கிப் புளிச்சுக் கிடந்தது. வீணாக்குவானேன்னு அதையே கரைச்சுட்டேன்" என்றாள்.

குர்லாவிலிருந்து பாலிஷ்காரர் வெயிலுமுத்துவைக் கூப்பிட்டேன். "மிசின் ஓட்டுனா போயிரும் சார், கண்ணாடியா ஆயிரும்" என்றார். மன்னி விட்டால்தானே! "பகவான் பாதத்து மேல மிஷினா? முதல்ல என் மேல ஓட்டச் சொல்லுங்கோ!" அதற்குள் கிருஷ்ணன் பாதம் அழியவே மாட்டேன் என்கிறதாம் என்று பில்டிங் பூரா சேதி பரவி, சாயங்காலமானால் மாமிகள் கூட்டம், பாட்டு, சுண்டல், வெண்ணெய். பெருக்க வருகிற சுனந்தா கன்னத்தில் போட்டுக்கொண்டு, தாண்டித் தாண்டிப் பெருக்கினாள். எனக்கென்னடா குறை, சீடையும் முறுக்குமாக ராஜாவாட்டம் இருந்தேன். நேற்று அகிலாண்டம் மாமிதான் கெடுத்தாள். "விஜயா, விரலெல்லாம் வாசலைப் பாத்துண்டிருக்கே! கிருஷ்ணன் வெளியிலேன்னா போறான்?" வாசலைப் பார்த்து உட்கார்ந்து ஆரம்பித்து, பின்பக்கமாகவே நகர்ந்து போட்டதில் திசை மாறிவிட்டிருக்கிறது. மன்னிக்கு முகம் செத்துப்போயிற்று. "பிள்ளைத்தாச்சிப் பொண்ணு வர ஆத்துலேர்ந்து கொழந்தை வெளியில போலாமா?" என்று ஒரே அழுகை. "அந்த மிஷின்காரரையே வரச்சொல்லுங்கோ" என்றும் சொல்லிவிட்டாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

வெயிலுமுத்து நாளைக்கு வருகிறார். நீங்கள் வரும்போது தரை கண்ணாடியாக இருக்கும், இது அண்ணா வாக்கு. உனக்கும் ஸ்ரீலேகாவுக்கும் வயிற்றிலிருக்கும் சின்னவருக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அண்ணா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மன்னி மறுபடி மாவு கரைத்துவிட்டாள். "போனவனைத் திரும்பக் கூப்பிட்டா வரமாட்டானா?" என்கிறாள். இந்தத் தடவை திசை சரி. மாவு அதே புளித்த மாவு, வேண்டுமென்றேதான். பூஜை அலமாரியோடு நிற்காமல் உங்கள் அறையில் தொட்டில் போடுகிற மூலை வரைக்கும் போட்டிருக்கிறாள். வெயிலுமுத்துவுக்கு வரவேண்டாம் என்று போன் பண்ணிவிட்டேன். ஸ்ரீலேகாவிடம் நீயே பக்குவமாகச் சொல். புளிப்பு கல்லில் நன்றாகப் பிடிக்கும் வரை யாரும் துடைத்துவிடக் கூடாதே என்று நான்தான் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்திருக்கிறேன்.