என் தொப்பை மருத்துவத்துக்கு ஆற்றிய தொண்டு

மருத்துவ வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்: என் தொப்பைக்கு முன், என் தொப்பைக்குப் பின். இதை யாரும் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொப்பைதான் என்னுடையது. அதைக் கண்டறிந்த பெருமை முழுவதும் எங்கள் டாக்டர் ஹால்வாரைச் சேரும்.

என் பெயர் ஓட்வார். நார்வேயின் மேற்குக் கரையில், மழை நிற்பதே செய்தியாகிவிடும் ஒரு சிற்றூரின் நகராட்சியில், 'குடிமக்கள் சுறுசுறுப்புப் பிரிவில்' மூத்த ஆலோசகர். மக்கள் போதுமான அளவு நடக்கிறார்களா என்று உட்கார்ந்து விவாதிப்பது என் பணி. என் மனைவி சிக்னே, அக்கரைக்குக் கார்களை ஏற்றிப்போகும் ஃபெரியில் சுக்கான் பிடிப்பவள். இரண்டாவது பிரசவத்துக்காக விடுப்பில் இருந்தாள். மூத்தவள் தூவா, ஓடி ஓடிப் பொருள்களை உடைக்கும் வயது. இளையவன் எஸ்கில், பால் குடிக்கும் வயது.

எஸ்கில் பிறந்த பிறகு சிக்னேயின் எடை இறங்க மறுத்தது. இறங்காமல் நின்றிருந்தாலாவது மன்னிக்கலாம், ஏறிக்கொண்டே போனது. அவள் சாப்பிட்டதோ வறட்டு ரொட்டியும் அதன்மேல் ஒரு சீவல் பழுப்புச் சீஸும்தான். தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. ஜூன் மாதத்தில் இரண்டு கம்பளிச் சட்டை போட்டும் நடுங்கினாள். ஒருநாள் ஆசையாகப் படகுத்துறைக்குப் போனவள், ஃபெரியின் மேல்தளத்துக்கு ஏறும் இரும்பு ஏணியில் பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். இலையுதிர் காலத்தில் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். ஏணி ஏற முடியாதவளிடம் சுக்கானை யார் கொடுப்பார்கள்? அந்தச் சுக்கான் என்றால் அவளுக்கு உயிர். அன்று வீட்டுக்கு வந்து, அடுப்பைப் பார்த்தபடி நின்று அழுதாள்.

ஆகவே டாக்டரிடம் போனாள்.

எங்கள் நாட்டு மருத்துவத்தின் மேன்மையை இங்கே சொல்லியாக வேண்டும். மற்ற நாட்டு டாக்டர்கள் மருந்து எழுதுவார்கள். எங்கள் டாக்டர்கள் ஜன்னலைக் காட்டுவார்கள். ஜன்னலுக்கு வெளியே மலை இருக்கும். ஹால்வாரின் அறைச் சுவரில் மனித உடலின் படம் கிடையாது. பனிச்சறுக்குக் கட்டைகளோடு சிகரத்தில் நிற்கும் ஹால்வாரின் படம்தான் உண்டு. நோயாளிக்கு அதைப் பார்த்தாலே பாதி குணமாகிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

"ஹால்வார், எனக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் குடுங்க" என்றாள் சிக்னே. எங்கள் ஊரில் டாக்டரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். மரியாதையெல்லாம் மலைக்கு மட்டும்.

"எதுக்கும்மா ரத்தம்? நடந்து போ. தானா இறங்கும்" என்றார் ஹால்வார்.

நடந்தாள். ஏறியது. மறுபடி போனாள்.

"மழையில எல்லாம் நடந்துட்டேன்."

"குடை பிடிச்சுக்கிட்டா?"

"ஆமா."

"அதான். குடையை வீட்ல வெச்சுட்டு நட."

குடையை வீட்டில் வைத்துவிட்டு நடந்தாள். எடையோடு சளியும் சேர்ந்தது. மறுபடி போனாள்.

"மலை ஏறுனியாம்மா?"

"எங்க வீட்டுக்குப் பின்னால இருக்கே, அதுல ஏறுனேன்."

ஹால்வார் சிரித்தாராம். "அது மலையா? மேடு!"

முடி கொட்டுவதைச் சொன்னாள். "கம்பளித் தொப்பி போட்டுக்கோ" என்றார். குளிர்வதைச் சொன்னாள். "கம்பளிக் காலுறை" என்றார். நின்றால் தூக்கம் வருகிறது என்றாள். "ரெண்டு குழந்தைம்மா!" என்றார். இந்த 'ரெண்டு குழந்தைம்மா' இருக்கிறதே, அது ஒரு முழுமையான மருத்துவக் கண்டுபிடிப்பு. தலைவலிக்கும் பொருந்தும், கால்வலிக்கும் பொருந்தும். மூன்றாவது பெற்றால் எண்ணிக்கையை மட்டும் மாற்றினால் போதும்.

அதோடு ஹால்வார் அவளை எங்கள் பிரிவின் பெருமைக்குரிய திட்டமான 'தாய்மார் தள்ளுவண்டி நடைக் குழு'வுக்கும் பரிந்துரை செய்தார். திட்டத்தை வகுத்தவன் அடியேன். தாய்மார்கள் குழந்தை வண்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏரியைச் சுற்றி வருவார்கள். சுற்றின் முடிவில் 'ஊக்கமூட்டும் சிற்றுண்டி' என்ற பெயரில் நகராட்சிச் செலவில் வேஃபிள், புளிப்புக் கிரீம், ஸ்ட்ராபெரி ஜாம். குழுவுக்கு அமோக வரவேற்பு. சில தாய்மார்கள் ஏரியைச் சுற்றாமல் நேராகச் சிற்றுண்டிக்கே வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டறிக்கையில் அவர்களை 'விரைவாக இலக்கை எட்டியவர்கள்' என்று குறிப்பிட்டோம்.

சிக்னே ஏரியைச் சுற்றினாள், வேஃபிளைத் தொடவில்லை. அப்படியும் எடை ஏறியது. "நீ குழுவோட ஒத்துப்போக மாட்டேங்கிற" என்று நான் அன்போடு சுட்டிக்காட்டினேன். அன்று இரவுச் சாப்பாட்டை நானே எடுத்துப் போட்டுக்கொள்ள நேர்ந்தது.

மறுநாள் அவள் ஒரு முடிவோடு வந்தாள்.

"ஓட்வார், இந்தத் தடவ நீயும் வர்ற. நான் சொன்னா அந்த மனுஷன் காதுல ஏற மாட்டேங்குது. ஆம்பளை வாயால சொன்னா ஏறுதான்னு பாப்போம்."

"நான் என்ன சொல்லணும்?"

"என் பொண்டாட்டிக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணுங்கன்னு சொல்லணும். அவ்வளவுதான். மீட்டிங் போட்றாத."

போனோம். சிக்னே இடுப்பில் எஸ்கிலோடும் கையில் தூவாவோடும் நின்றாள். நான் பேச வேண்டியவன் ஆகையால் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலி முனகியது. ஹால்வார் நிமிர்ந்து பார்த்தார். அவர் பார்வை என் முகத்திலிருந்து மெதுவாக இறங்கி, சட்டைப் பொத்தான்கள் அவதிப்படும் இடத்தில் நின்றது.

"நண்பா, இது எத்தனை நாளா?"

"எது?"

"இந்த வயிறு."

"அது... குழந்தைங்க பிறந்ததுல இருந்துன்னு நினைக்கிறேன்."

ஹால்வார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு குழந்தைக்கு அப்புறமா?"

"ஆமா."

"தூக்கம் எப்படி?"

"அதை ஏன் கேக்குறீங்க! இவ எழுந்து பால் குடுக்கும்போது விளக்கு போடுவா. அது நேரா என் கண்ணுல அடிக்குது."

"அடடா!" என்றார் ஹால்வார். அவர் குரல் தழுதழுத்தது. "சோர்வு?"

"ஆபீஸ்ல மத்தியானம் மீட்டிங் வந்தா கண்ணு சொருகுது."

"இத்தனையும் வெச்சுக்கிட்டு வாயைத் திறக்காம இருந்திருக்கீங்களே!" அவர் கணினிப் பக்கம் திரும்பித் தட்ட ஆரம்பித்தார். தைராய்டு, இரும்புச் சத்து, சர்க்கரை, இன்னும் வாயில் நுழையாத ஹார்மோன்கள் எல்லாம் வரிசையாக வந்தன. அத்தனையும் எனக்கு.

"ஹால்வார், அதையேதான் நான் மொதத் தடவ வந்ததுல இருந்து கேக்குறேன். எனக்கும் சேத்து எழுதுங்களேன்" என்றாள் சிக்னே.

ஹால்வார் பொறுமையாக விளக்கினார். அந்த விளக்கத்தைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். "இல்லம்மா, நீ குண்டானதுக்குக் காரணம் தெரியுது. குழந்தை பெத்த. முடிஞ்சுது. ஆனா இவரு? பெக்காமலே இப்படி ஆயிட்டாரு! இதைத்தாம்மா மருத்துவம் விசாரிக்கணும்."

சிக்னே என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த சிகரத்தைப் பார்த்தேன்.

"ரத்தம் குடுக்க ஆய்வகத்துக்கு நடந்தே போயிடுறேன்" என்று கடமையுணர்ச்சியோடு சொன்னேன்.

"நடக்கிறதா? இந்த நிலைமையிலயா?" ஹால்வார் பதறினார். "வீட்டுக்கே பெட்டி அனுப்பச் சொல்றேன். விரல்ல குத்தி, குப்பில சொட்டுவிட்டு, தபால்ல போட்டா போதும். நீங்க அலையாதீங்க."

பெட்டி வந்தது. சமையலறை மேசையில் வைத்துத் திறந்தேன். உள்ளே ஒரு சிறிய குத்தூசி. அறிவியலின் மேல் எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு. ஆனால் அறிவியல் இவ்வளவு கூர்மையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஊசியை எடுத்தேன், வைத்தேன். செய்முறைத் தாளைப் படித்தேன். மறுபடி எடுத்தேன். பிறகு சோபாவில் படுத்து, காலுக்கு அடியில் இரண்டு தலையணை வைத்துக்கொண்டேன்.

சிக்னே ஒரு கையில் பால் குடிக்கும் எஸ்கிலும் மறு கையில் கஞ்சிக் கரண்டியுமாக நின்றிருந்தாள்.

"என்ன, மயக்கமா?"

"ஆயத்தமாகிட்டிருக்கேன்."

"ரெண்டு பிள்ளையைப் பெத்தவ இங்க நிக்கிறேன். ஒரு சொட்டு ரத்தத்துக்கு இந்த அமர்க்களமா? கொண்டா இங்க."

கரண்டியைக் கீழே வைத்தாள். ஊசியை எடுத்தாள். தன் விரலில் குத்தினாள். முகம்கூடச் சுளிக்கவில்லை. குப்பி நிறைந்தது.

"சிக்னே! அதுல என் பேரு ஒட்டியிருக்கு!"

"குப்பிலதான ஒட்டியிருக்கு? ரத்தத்துல இல்லையே. உன் ரத்தம்தான் வேணும்னா இன்னொரு ஊசி இருக்கு. வர்றியா?"

இது முறையா என்று ஒரு கணம் யோசித்தேன். இன்னொரு ஊசியைப் பார்த்தேன். யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன். குப்பி தபாலில் போனது.

முடிவு வந்த அன்று, அலுவலகத்தில் 'படிக்கட்டுப் பயன்பாட்டை ஊக்குவித்தல்' என்ற தலைப்பில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. லிஃப்ட் பழுது என்பதால் பாதிப் பேர் வரவில்லை. ஹால்வாரே போன் செய்தார்.

"உடனே கிளம்பி வாங்க. நடந்து வராதீங்க! டாக்சி பிடிங்க!"

போய் இறங்கினால், வாசலில் நர்ஸ் ஆரஞ்சுச் சாற்றோடு நிற்கிறாள். நான் போனில் சொன்னதைக் கேட்டு, சிக்னே பின்னாலேயே குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்து சேர்ந்தாள். ஹால்வார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தைராய்டு படுத்தே தூங்குது. இரும்புச் சத்து மருந்துக்குக்கூட இல்ல. இப்படி ஒரு ரத்தத்தை வெச்சுக்கிட்டு ஒரு மனுஷன் எழுந்து நிக்கிறதே சாதனை! நீங்க வேலைக்கு வேற போயிருக்கீங்க. எப்படித் தாங்குனீங்க?"

"ஏதோ சமாளிச்சேன்" என்றேன். அந்தச் சந்தர்ப்பத்தில் வேறு என்ன சொல்வது?

"இன்னொண்ணு..." அவர் குரலைத் தாழ்த்தினார். "பால் சுரக்க வெக்கிற ஹார்மோன் உங்களுக்கு எக்கச்சக்கமா இருக்கு. என் அனுபவத்துல இப்படிப் பாத்ததில்ல. அந்தப் பிள்ளை மேல உங்களுக்கு எவ்வளவு பாசம் இருக்கணும்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நர்ஸும் துடைத்துக்கொண்டாள். எஸ்கில் ஏப்பம் விட்டான்.

"இதுக்கு என்ன வைத்தியம்?" என்று கேட்டாள் சிக்னே.

"ரொம்ப சுலபம்மா. காலையில வெறும் வயித்துல ஒரு சின்ன மாத்திரை. கொஞ்சம் இரும்புச் சத்து. கொஞ்ச நாள்ல ஆளே மாறிடுவாரு."

"ஒரு சின்ன மாத்திரை" என்றாள் சிக்னே. "அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்!"

எனக்கு முழுச் சம்பளத்தோடு நீண்ட விடுப்பு. உணவு ஆலோசகர். மனச்சோர்வுக்கு ஒரு நிபுணர். நடைப்பயிற்சி உண்டா என்று கேட்டதற்கு, "தப்பித்தவறிக்கூட நடந்துடாதீங்க" என்றார்.

வெளியே வந்ததும் சிக்னே மழையில் நின்றாள். "இத்தனை நாளா என்னை மலைமேல ஏத்தி ஏத்தி இறக்குனான். ஒரு சின்ன மாத்திரையாம்!" என்றாள். எனக்கும் உண்மையில் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் முழுச் சம்பள விடுப்பு என்பது வெட்கத்தைப் பெரிதும் ஆற்றும் குணம் கொண்டது.

"உண்மையைச் சொல்லிடலாமா?" என்று கேட்டேன்.

"சொன்னா மாத்திரை நின்னுடும். எனக்கு மறுபடி மலைதான். வாயை மூடிக்கிட்டு நோயாளியா இரு. அது உனக்கு நல்லா வருது."

அவள் காலையில் மாத்திரை போட்டாள். நான் காலையில் வேஃபிள் போட்டேன். சில வாரங்களில் சிக்னேக்கு நடுக்கம் நின்றது. முடி கொட்டுவது நின்றது. எடை தானாக இறங்க ஆரம்பித்தது. இலையுதிர் காலம் வந்தபோது இரும்பு ஏணியில் ஒரே மூச்சில் ஏறி, சுக்கானைப் பிடித்து, சங்கை ஊதினாள். அக்கரை வரை கேட்டது. ஃபெரியில் அவளைப் பார்த்த ஹால்வார் காரிலிருந்து எட்டிக் கத்தினார்: "பாத்தியாம்மா! நான் சொன்னேன்ல, நடந்தா இறங்கும்னு!"

என் சிகிச்சையும் பெருவெற்றி. மறுபடி பெட்டி வந்தது, மறுபடி சிக்னே குத்தினாள், ரத்த முடிவு பளிங்காக வந்தது. தொப்பை மட்டும் அப்படியே இருந்தது. அது 'வீரத்தழும்பு' என்று ஹால்வார் தீர்ப்பளித்தார். நோய்க்கு 'தந்தையர் பேறுகாலத் தளர்ச்சி' என்று பெயர் சூட்டிக் கட்டுரை எழுதினார். தலைநகரில் டாக்டர்கள் மாநாடு கூட்டினார்கள். என்னை மேடையில், மெத்தை வைத்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். காலுக்கு ஒரு முக்காலி.

ஹால்வார் உரையாற்றினார். ஒரு தந்தையின் மௌனத் துயரத்தை அவர் விவரித்தபோது முன்வரிசைப் பேராசிரியர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். கேள்வி நேரம் வந்தது. பின்வரிசையில், எஸ்கிலை இடுப்பில் வைத்துக்கொண்டு, சிக்னே எழுந்தாள்.

"ஒரே ஒரு கேள்வி, ஹால்வார். இந்த நோய் பொம்பளைங்களுக்கும் வருமா?"

ஹால்வார் அவளை நேராகப் பார்த்தார். நன்றாக யோசித்தார். எந்தக் கேள்வியையும் அலட்சியப்படுத்துகிறவர் அல்லர் அவர்.

"அருமையான கேள்விம்மா. தெரியாது. இதுவரைக்கும் என்கிட்ட ஒரு பொம்பளைகூட வந்து இப்படிச் சொன்னதில்ல."

இவ்வளவு அடக்கமான பதிலைக் கேட்டு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நான் நோயாளி. உட்கார்ந்தபடியே தட்டினேன்.