வெள்ளிக்கிழமை வராத கள்ளன்

கல்முனையில் பூட்டு வியாபாரம் நடப்பதே எங்கள் கந்தோரில் வேலை செய்யும் பூட்டுக் காக்காவை நம்பித்தான்; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். சைக்கிளுக்கு இரண்டு பூட்டு, சோத்துப் பெட்டிக்கு ஒன்று. கதிரையை மேசையோடு சங்கிலியால் பிணைத்து வைப்பார். பள்ளிவாசல் வாசலில் செருப்பு இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிட்டுத்தான் தொழப் போவார். ஒருநாள் சாவியைத் தொலைத்துவிட்டு, செருப்பைக் கையில் தூக்கியபடி வெறுங்காலோடு வந்தார்.

"பாத்தியா மனே? ஆரும் எடுக்கல்ல!"

கந்தோரின் இணையத் தொலைபேசி சேர்வருக்கும் அவர்தான் காவல். அதில் போர்ட் எனப்படும் வாசல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அழைப்புகளுக்குத் தேவையான சிலதைத் தவிர மிச்சத்தையெல்லாம் அடைத்து வைத்திருந்தார். நான் அவருக்கு உதவியாள், தற்காலிக வேலை. எங்கள் குடும்பத்தில் முதன்முதல் படித்தவன் நான் என்பதால், வரப்போகும் நிரந்தர நியமனக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்ட உம்மா சுவரில் ஆணியும் அடித்துவிட்டா.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பு மேலிடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. தெரியாத ஒரு போர்ட்டில் நாளாந்தம் நடமாட்டம் இருக்கிறதாம். திறந்தவரைக் கண்டுபிடித்து வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டுமாம்.

தன் வீட்டுக் குசினிக்குள் கள்ளன் புகுந்ததுபோல் காக்கா கொதித்தார். இரண்டு மாதப் பதிவுகளை அச்செடுத்துச் சுவர் முழுக்க ஒட்டினார். மூன்றாம் நாள் பென்சிலோடு என் பக்கம் திரும்பினார்.

"மனே, இந்தக் கள்ளன் காலயில பத்து மணிக்கு வாறான். வெள்ளிக்கிழமையில மட்டும் வாறல்ல."

"லீவா இரிக்கும் காக்கா."

"வெள்ளியில லீவு எடுக்கிற கள்ளன் வெளிநாட்டில இரிப்பானா? இவன் நம்மட ஊரான்! வெள்ளியில வேலைக்குப் போகாத ஆக்கள் ஆரு, சொல்லு?"

"கடலுக்குப் போறவங்க. ஜும்ஆத் தொழுகைக்காக நிப்பாங்க" என்றேன். சொன்னதும்தான் என் வாப்பாவின் படகு நினைவுக்கு வந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பழகுவதற்காக ஒரு போர்ட்டைத் திறந்து, வாப்பாவின் கைபேசியில் ஒரு செயலியைப் போட்டு, கந்தோரிலிருந்து அவரோடு கதைத்துப் பார்த்தேன். பிறகு மூட மறந்துவிட்டேன். வாப்பாவின் படகு ஒலுவில் துறைமுகத்தை நெருங்கி சிக்னல் கிடைத்ததும், அந்தச் செயலி தானாகவே எங்கள் சேர்வரைத் தட்டியிருக்கிறது.

"உன்ட வாப்பாவும் கடலுக்குத்தானே போறாரு? எத்தின மணிக்குக் கரைக்கு வாறாரு?" என்று கேட்டார் காக்கா.

"பத்து மணிக்கு, காக்கா."

அவர் கணினிப் பக்கம் திரும்பி மேலிடத்துக்குப் பதில் எழுதினார்: 'சோதனைக்காகத் திறந்தது நான். மூட மறந்துவிட்டேன்.' மூட மறந்தாராம், பூட்டுக் காக்கா!

"காக்கா, உங்கள அனுப்பிருவாங்களே!"

"என்னை அனுப்பினா இங்க ஒரு அலுமாரி தொறக்குமா? சாவியெல்லாம் என்னட்டத்தானே இரிக்கி!"

மேலிடம் ஒரு கண்டிப்போடு விட்டுவிட்டது. உம்மாவின் ஆணிக்கும் வேலை கிடைத்தது. காக்கா அந்த வாசலை அடைத்தார். ஆனால் மேலிடத்தில் கேட்டு, நீளமான கடவுச்சொல் போட்டு, வாப்பாவுக்கு முறையான ஓர் இணைப்புக் கொடுத்தார். அன்றிலிருந்து பத்து மணிக்குத் திரையில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். காக்கா தலை நிமிராமல் சொல்வார்:

"வாப்பா கரைக்கு வந்துட்டாரு. தேத்தண்ணியக் குடி."

போன மாதம், காற்று அடித்த ஒருநாள், பத்தாகியும் புள்ளி வரவில்லை. பதினொன்றாகியும் வரவில்லை. "போன்ல சார்ஜ் இரிக்காது மனே" என்று பத்துத் தரம் சொன்னார். சோத்துப் பெட்டியைத் திறந்தார்; சாப்பிடவில்லை. மதிய லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் புள்ளி பச்சையானது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று எழுந்தவர், நேரே பள்ளிக்கு நடந்தார்.

சோத்துப் பெட்டி திறந்தபடி கிடந்தது. கதிரைச் சங்கிலி தரையில் கிடந்தது. அவர் திரும்பி வரும்வரை நான் அவற்றுக்குக் காவல் இருந்தேன்.