சுவரில் எழுந்தருளிய பெரியவர்

மழை விட்டிருந்தது. அறந்தாங்கியிலிருந்து கட்டுமாவடி போகும் சாலையில், தோளில் ஒரு பை, கக்கத்தில் சுருட்டிய பாய் என்று நடந்துகொண்டிருந்தேன். ஒரு இடத்தை விட்டுக் கிளம்பி நடப்பது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்பை விட்டுக் கிளம்பியதில் தொடங்கி, திருப்பூர் சாயப்பட்டறை, சேலத்துப் புரோட்டாக் கடை, போர்வெல் லாரி என்று நான் விட்டுவந்த இடங்களைச் சொன்னால் கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்வதுபோல இருக்கும். எதையும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தேன். விட்டுவந்தது ஓர் அறை. நான் ஆசைப்பட்டு அலங்கரித்த ஒரே இடம். அதை நானே இழவு வீடாக்கிவிட்டு வந்திருந்தேன்.

அப்போது அறந்தாங்கியில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. (சுகமோ துக்கமோ, பசை ஒன்றுதான்.) அச்சகத்துக்குப் பின்னால் காகிதக் கட்டுகளுக்கு நடுவே படுக்கை. முப்பது வயது தாண்டியும் அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. ஆவுடையார்கோவிலில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்குத் தெரிந்தது. ஒரு பெண் பார்த்தாள். பெயர் சங்கீதா, தையல் கடையில் வேலை. அக்கா வீட்டில் வைத்து ஒரு தடவை பார்த்தேன். நான் போட்டிருந்த சட்டையின் கிழிந்த பையைப் பார்த்து, கழற்றிக் கொடுத்தால் தைத்துத் தருவதாகச் சொன்னாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனையே இல்லை.

முறைப்படி பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க வர வேண்டும். பார்க்க வீடு வேண்டுமே.

"ஒரு ரூம்ப எடுடா. அவுக வாராக. இதுவும் போச்சுன்னா இனிமே ஒனக்காக நான் யாரு வாசல்லயும் போயி நிக்க மாட்டேன்" என்றாள் அக்கா. பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "அந்தப் புள்ள ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. மெஷின் போட சன்னலோரமா ஒரு எடம் இருக்குமான்னு" என்றாள்.

ஊர்க் கோடியில் ஒரு அறை கிடைத்தது. கிழக்கே பார்த்த சன்னல். சுவர்தான் பார்க்கச் சகிக்காது. எண்ணெய்ப் பிசுக்கு, அடுப்புக் கரி, முன்பு இருந்தவர்கள் தலை சாய்த்த இடமெல்லாம் கறுப்பு வட்டம். வெள்ளையடிக்கலாமா என்று கேட்டதற்கு, மழைக்காலம் போகட்டும் என்றுவிட்டார் வீட்டுக்கார அம்மா.

அந்தச் சமயத்தில்தான் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு பெண் தன் அறையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். நம்மை நாமே கவனித்துக்கொள்வது நாம் படுத்து எழும் அறையிலிருந்து தொடங்குகிறதாம். கண்ணுக்கு வெண்மை வேண்டுமாம், மனசுக்கென்று ஒரு மூலை வேண்டுமாம். நம்மை நாமே கவனித்துக்கொள்ளலாம் என்பதே எனக்குப் புதுச் செய்தி. (அதுவரை என்னைக் கவனித்தவர்கள் மேஸ்திரிகள்தான், அதுவும் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று.)

வெண்மைக்கு வழி அச்சகத்தில் கிடந்தது. ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர், தேதி தப்பாக அடித்துவிட்டதால் கட்டுக் கட்டாக மூலையில் கிடந்தது. மாலை போட்ட பெரியவர் ஒருவர், முறுக்கு மீசையோடு. தாளின் பின்பக்கம் சுத்த வெள்ளை. முகத்தைச் சுவரோடு அணைத்து ஒட்டினால் தீர்ந்தது! என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டு, தொழில் சுத்தமாக ஒட்டினேன். ஒட்டும்போது ஈரத்தில் முகம் மங்கலாகத் தெரியத்தான் செய்தது. காய்ந்ததும் மறைந்தது. எப்படியும் தெரியப்போவதில்லை என்று தாளை நேராகப் பிடிக்கிறோமா தலைகீழாகப் பிடிக்கிறோமா என்றுகூடப் பார்க்கவில்லை.

அறை பளிச்சென்று ஆனது. சன்னலோரம் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். இஞ்சு டேப் மாட்ட ஒரு ஆணி, ஊசியில் நூல் கோர்க்கத் தோதாகத் தாழ்வாய் ஒரு பல்பு. அந்த மூலை அவளுக்கு என்பதால் நான் எதிர்ச் சுவரோரம் ஒதுங்கிப் படுத்தேன். காலையில் வெயில் வந்து ஸ்டூலின்மேல் உட்காரும். நான் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கொஞ்ச நாள் தூங்கிய மாதிரி அதற்கு முன்னும் தூங்கியதில்லை, பின்னும் தூங்கியதில்லை.

அவர்கள் வருவதற்கு முன்னால் இரண்டு நாள் அடைமழை. பெண்ணின் அப்பாவும் அவருடைய தங்கையும், அதாவது சங்கீதாவின் அத்தையும், அக்காவோடு வந்தார்கள். பாயில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். "பையன் தனியா இருந்தாலும் எடத்த வெளிச்சமா வச்சிருக்கான்" என்றார் அத்தை. அக்கா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். நான் பெருமையாக எதிர்ச் சுவரைப் பார்த்தேன்.

சுவரின் அடியில் ஒரு மீசை தெரிந்தது.

பழைய சுவர் மழைத் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. ஈரம் ஏற ஏறப் பெரியவரும் ஏறினார். முதல் வரிசையில் நின்றார், அடுத்த வரிசையில் சிரசாசனம் செய்தார். நான் எழுந்து, சாதாரணமாக நிற்பவனைப்போல அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டேன். எனக்கு என்ன வேலை, எத்தனை நாளாய் என்று பெண்ணின் அப்பா விசாரித்தார். நான் சாய்ந்தபடியே பதில் சொன்னேன். ஒருவன் முதுகால் எத்தனை முகத்தை மறைக்க முடியும்? பெண் வீட்டார் சுவரைப் பார்க்காமலிருக்க, காலி டம்ளர்களை எடுக்கும் சாக்கில் முன்னால் வந்து குனிந்தேன்.

ஊறிய தாள் ஒன்று சுவரை விட்டு என் சட்டையோடு வந்துவிட்டது. பின்பக்கம் என் முதுகில், முகப்பக்கம் உலகத்துக்கு.

அத்தைதான் வாயைத் திறந்தார்.

"அண்ணே, இது எங்க மாமனாரு."

அத்தை சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதற்குள் மூன்று பக்கமும் பெரியவர் வந்துவிட்டார். "உசுரோட இருக்கையிலயும் இப்புடித்தான், எங்கிட்டுத் திரும்புனாலும் நிப்பாரு" என்று முணுமுணுத்துவிட்டு, மாமனாருக்கு மரியாதையாக முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்.

அப்பா கோபக்காரர் இல்லை. மெதுவாகத்தான் எழுந்தார். "நல்ல காரியம் பேச வந்த எடம் தம்பி" என்றார். இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு, வாரோம் என்று சொல்லாமலே நடந்தார்கள். எங்கள் பக்கம் இழவு வீட்டிலிருந்து மட்டும்தான் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். முதுகிலிருந்த தாளை உரித்து என் கையில் கொடுத்தாள். "முன்னாடி வெள்ளையா இருக்குன்னு பாத்தியே, பின்னாடி யாரு இருக்கான்னு பாத்தியாடா?" என்றவள், பாதியில் சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக்குப் புதுசாய்ப் பெயிண்ட் அடித்தாலும், சுவரைத் தட்டிப் பார்த்து, "பின்னாடி யாரு இருக்கா?" என்று கேட்காமல் யாரும் காபி குடிப்பதில்லை.

வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், காலி செய்யச் சொன்னார். எல்லாவற்றையும் உரித்துச் சுரண்டினேன். சன்னல் மூலையில் மட்டும் ஈரம் ஏறியிருக்கவில்லை. அங்கே வெள்ளையாகவே இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். அச்சகத்துக்கும் திரும்பிப் போகவில்லை, அங்கே மூலையில் பெரியவரின் மிச்சக் கட்டு இருந்தது.

கட்டுமாவடிச் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள். சங்கீதாவுக்கு விஷயம் போய்விட்டதாம். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாளாம்.

"சிரிச்சு முடிச்சிட்டு, சன்னலு எங்கிட்டுப் பாத்து இருந்துச்சுன்னு கேட்டுச்சுடா."

"கெழக்க" என்றேன்.

"சொல்லிட்டேன்" என்றாள் அக்கா. அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. தை மாதம் சங்கீதாவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. நன்றாக இருக்கிறாளாம்.

ஒரு மீன் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போய் மணமேல்குடிப் பக்கம் இறக்கிவிட்டார். மறுநாள் காலை ஒரு இறால் பண்ணையில் ஆள் கேட்டார்கள். முதலாளி வரப்பின்மேல் இருந்த காவல் கொட்டகையைக் காட்டினார். நான்கு கம்பு, மேலே கீற்று.

"சொவரு இல்லேன்னுதான் முன்னாடி இருந்த ஆளு ஓடிட்டான். நீங்க தங்கிக்குவீங்களா தம்பி?"

தங்கிக்கொள்வேன் என்றேன். ஒரு தகர டின்னையும் ஒரு குச்சியையும் கையில் கொடுத்து, கொக்கு விரட்டச் சொன்னார்.