அறுநூற்று முப்பத்தெட்டு இழப்புகள்

மனித குலம் இதுவரை உருவாக்கியவற்றில் தலைசிறந்தது எது என்று என்னைக் கேட்டால், படிவம் என்று தயங்காமல் சொல்வேன். சக்கரம் என்று சிலர் சொல்வார்கள். சக்கரம் உருண்டு எங்காவது போய்விடும். படிவம் வைத்த இடத்தில் இருக்கும். நிரப்பி முடிக்கும்வரை ஆளையும் நகர விடாது. அத்தகைய படிவம் ஒன்றை நானே இயற்றி, எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியை ஒரு பேராபத்திலிருந்து காப்பாற்றினேன். வருங்காலச் சந்ததி இதை அறிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன், புகழுக்காக அல்ல. புகழ் தானாகத் தேடி வந்தால் என் அறை முதல் மாடியில், படிக்கு இடப்பக்கம்.

நான் புள்ளியியல் பேராசிரியர். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவர்களை ஆண்டுதோறும் 'மதிப்பிட' வேண்டும் என்று நிர்வாகம் ஆணையிட்டது. மதிப்பீட்டில் தேறினால் கல்லூரியில் இடமும் விடுதியில் அறையும் தொடரும். தேறாவிட்டால் அறை போய்விடும், குழு நினைத்தால் இடமும் போகும். இந்தப் பொறுப்புக்கு மூவர் குழு அமைந்தது. முதல்வர் தலைவர், நூலகர் அம்மையார் உறுப்பினர், அடியேன் செயலர். எங்களில் யாரும் அதுவரை ஒரு கூடைப்பந்து ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. இதைச் சிலர் குறையாகப் பேசினார்கள். ஆட்டம் பார்ப்பவர்களுக்கு ஆட்டக்காரர்மேல் ஒட்டுதல் வந்து தொலைக்கும். எங்களுக்கு அந்த அபாயமே இல்லை.

புதிதாக யோசிப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. வேதியியல் ஆய்வகத்தின் இருப்புப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். பெற்றது, பயன்படுத்தியது, இழந்தது என்று மூன்று கட்டங்கள். கண்ணாடிக் குடுவைக்குப் பொருந்துவது பந்துக்குப் பொருந்தாதா என்ன? 'குடுவை' என்பதை அடித்துவிட்டு 'பந்து' என்று எழுதினேன். கைக்கு வந்தால் பெற்றது. கூடைக்குள் போட்டால் பயன்படுத்தியது. வேறு எப்படிக் கையை விட்டுப் போனாலும் இழந்தது. இதைவிடத் தெளிவாக விளையாட்டை இதுவரை எவரும் விளக்கியதில்லை என்று முதல்வரே சொன்னார்.

அந்தப் பருவத்தின் பதினான்கு ஆட்டங்களும் படம் பிடிக்கப்பட்டிருந்தன. என் அறைக் கணினியில் ஒலியை அடைத்துவிட்டு அத்தனையையும் பார்த்துக் கோடு போட்டு எண்ணினேன். கைதட்டல் சத்தம் கணக்கைக் கெடுக்கும். ஒன்பதாம் நாள் எண்ணி முடித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. அணியின் கார்டு, அதாவது பந்தைப் பின்னாலிருந்து கொண்டுவந்து ஆட்டத்தை நகர்த்தும் பெண், பருவம் முழுவதும் நாற்பத்தொரு புள்ளிகள்தான் எடுத்திருந்தாள். இழப்பு அறுநூற்று முப்பத்தெட்டு. 'கார்டு' என்றால் காவல் என்று அகராதி சொல்கிறது. காவலில் வைத்த பொருள் அறுநூற்று முப்பத்தெட்டு முறை காணாமல் போயிருக்கிறது.

அவளை எல்லோரும் 'எறும்பு' என்றுதான் கூப்பிட்டார்கள். குட்டையான உருவம், ஓயாத ஓட்டம். என் வகுப்பிலேயே இரண்டாம் ஆண்டு படித்தாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அணியில் 'கொக்கு' என்று நெடுநெடுவென்று இன்னொரு பெண் இருந்தாள். அவள் எடுத்தது இருநூற்று அறுபத்திரண்டு புள்ளிகள். இப்படியொரு தங்கமான பெண்ணும் அப்படியொரு ஓட்டைக் கையும் ஒரே அணியில் இருந்தது எங்கள் குழுவைக் கலங்கடித்தது.

குழு கூடியதும் நூலகர் அம்மையார் ஒரு நுட்பமான ஐயத்தை எழுப்பினார்.

"ஓடும்போது பந்தைத் தரையில தட்டிக்கிட்டே போறாளே, அப்பவும் பந்து கையை விட்டுப் போகுதே. அதை எதுல சேர்க்கறது?"

நாற்பது நிமிடம் விவாதித்தோம். எங்கள் மைதானத்தில் தரை கல்லூரிக்குச் சொந்தம். ஆகவே அங்கே தட்டுவது இழப்பாகாது. வெளியூர் மைதானத்தில் தரை அந்நியருடையது. அங்கே ஒவ்வொரு தட்டும் 'தற்காலிக இழப்பு'. இந்தத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அணியின் பயிற்சியாளரான மாஸ்டரை வரச்சொன்னோம். ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்தார். படிவத்தைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு சரியில்லை.

"சார், இது இழப்பு இல்ல. இவ பந்தை இன்னொருத்திக்குக் கொடுக்கறா. அவ கூடையில போடறா. கொக்கு எடுத்த புள்ளியில முக்கால்வாசி இவ கொடுத்த பந்துதான்."

"கொடுத்ததுக்கு அத்தாட்சி இருக்கா?" என்றார் நூலகர். "எங்ககிட்ட ஒரு புத்தகம் வெளியே போனா கையெழுத்து வாங்கறோம்."

"ஓடிக்கிட்டே எப்படிம்மா கையெழுத்து வாங்கறது?"

"அப்ப நின்னு கொடுக்கச் சொல்லுங்க."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்தேன்.

"பதினாலுல பதினொண்ணு ஜெயிச்சிருக்கோம் சார். போன வருஷம் இவ முழங்கால்ல அடிபட்டு உக்காந்திருந்தப்ப ரெண்டே ரெண்டுதான் ஜெயிச்சோம்."

"ஜெயிச்சதைப் பத்தி யாரும் குறை சொல்லலையே மாஸ்டர்," என்றார் முதல்வர், மிகுந்த கனிவோடு. "ஒழுங்கா ஜெயிச்சோமாங்கறதுதான் கேள்வி."

படிவத்தின் பின்பக்கத்தில் பெற்றோர் கருத்துக்கு இடம் விட்டிருந்தேன். ஆகவே எறும்பு தன் தாயாரோடு வந்தாள். தாயார் ஆயத்த ஆடைக் கூடம் ஒன்றில் சட்டை தைப்பவர். அரைநாள் விடுப்பில் வந்திருந்தார். தோளில் வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. இருவரையும் உட்காரச் சொல்ல நினைத்தோம், ஆனால் அறையில் இருந்தவை மூன்று நாற்காலிகள்.

"உங்க பொண்ணு பந்தைத் தொலைச்சிக்கிட்டே இருக்காம்மா," என்று முதல்வர் தொடங்கினார்.

தாயார் படிவத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு சொன்னார்:

"நான் காலர் மட்டும்தான் தைப்பேன் சார். கை வைக்கறது இன்னொருத்தி, பட்டன் வைக்கறது இன்னொருத்தி. ஒரு நாளைக்கு முந்நூறு காலர் என் கையை விட்டுப் போகுது. முழுச் சட்டைன்னு ஒண்ணுகூட நான் தைச்சதில்ல. அதுக்காக நான் துணியைத் தொலைச்சேன்னு யாரும் சொன்னதில்ல சார்."

முதல்வர் என் பக்கம் சாய்ந்தார். "குடும்பத்துலயே இருக்கு," என்று கிசுகிசுத்தார். 'தாயாருக்கும் நாளொன்றுக்கு முந்நூறு இழப்பு' என்று நான் குறித்துக்கொண்டேன்.

"அறை போயிட்டா இவ தினமும் போக வர ஆறு மணி நேரம் பஸ்ல இருக்கணும் சார். வீட்ல நாலு பேரு ஒரே அறையில இருக்கோம். படிக்கவே முடியாது. நிறுத்திட வேண்டியதுதான்." அந்த அம்மா இதையும் சொன்னார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

எறும்பிடம் அடுத்த கேள்வியை நானே கேட்டேன். "வருங்காலத்தில் அணியில் உன் பங்கு என்னவாக இருக்கும் என்று நினைக்கிறாய்?"

"ஆட்டத்தை நடத்தறதுதான் சார்."

"நடத்தறதுக்கு நான் இருக்கேன்," என்றார் முதல்வர்.

எங்கள் குழுவுக்கு நெஞ்சில் ஈரம் இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஒரு வாய்ப்புக் கொடுத்தோம். பக்கத்துக் கல்லூரியோடு எங்கள் மைதானத்தில் ஒரு 'நிபந்தனை ஆட்டம்'. 'பந்து கூடைக்கன்றி வேறெவருக்கும் செல்லலாகாது' என்ற ஒரே ஒரு நிபந்தனை. இழப்பு பத்துக்குள் இருந்தால் அறை அவளுக்கே.

"அஞ்சு பேர் சேர்ந்து ஆடற ஆட்டம் சார் இது," என்றார் மாஸ்டர்.

"அதுதான் சிக்கலே. ஆளுக்கொரு பந்து கொடுத்திருந்தா இந்தக் கூட்டமே தேவைப்பட்டிருக்காது," என்றார் முதல்வர்.

குழு முதன்முறையாக நேரில் ஆட்டம் பார்த்தது. மைதானத்து ஓரம் மூன்று மெத்தை நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. ஊதல் ஒலித்தது. எறும்பு பந்தை வாங்கினாள், தட்டிக்கொண்டே முன்னே வந்தாள், தனியாக ஒருமுறை கூடையை நோக்கிப் போய்ப் பார்த்தாள். மூன்று பேர் மறித்து நின்றார்கள். பந்தைத் தட்டிக்கொண்டே அங்குமிங்கும் சுற்றினாள். இருபத்து நான்கு விநாடிக்குள் கூடைக்கு எறியாவிட்டால் பந்து எதிரணிக்கு என்று இந்த ஆட்டத்தில் ஒரு விதி இருக்கிறதாம். நடுவர் பந்தை வாங்கி அவர்களிடம் கொடுத்தார். மறுபடியும் அதே கதை. நடுவர் கேட்டு நாம் தருவது இழப்பல்ல, ஒப்படைப்பு. ஆகவே கோடு போடவில்லை. பாதி ஆட்டம் முடிந்தபோது எங்கள் அணி ஒன்பது, எதிரணி முப்பத்து நான்கு. எறும்பின் இழப்பு, சுழியம்.

"நான் பார்த்த ஆட்டத்துலயே இதுதான் பிரமாதம்," என்றார் முதல்வர். உண்மைதான், அவர் வேறு ஆட்டம் பார்த்ததில்லை.

இடைவேளையில் பெண்கள் எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கடமை கருதி ஒட்டுக் கேட்டேன்.

"நான் என்னடி பண்ணேன் உனக்கு?" என்று கொக்கு அழுதுகொண்டிருந்தாள். "ஒரு தடவைகூட பந்து தரல."

"தந்தா என் ரூம் போயிடும்டி."

"என் ரூமுக்கு வந்துடு."

"ஒரு கட்டில்தானேடி இருக்கு."

"நான் நெட்டை, நீ குட்டை. எப்படியாவது மடங்கிப் படுத்துக்கலாம்."

எறும்பு ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டினாள்.

அதன் பிறகு நடந்ததை எழுத என் கை கூசுகிறது. பந்து வந்ததுதான் தாமதம், இழந்தாள். இடப்பக்கம் பார்த்துக்கொண்டே வலப்பக்கம் இழந்தாள். தலைக்கு மேல் இழந்தாள், முதுகுக்குப் பின்னால் இழந்தாள், தரையில் ஒருமுறை குத்தவிட்டு எதிரணிப் பெண்ணின் கால்களுக்கு நடுவில்கூட இழந்தாள். அவள் இழந்த இடத்திலெல்லாம் எங்கள் பெண் ஒருத்தி கை நீட்டிக்கொண்டு நின்றது தற்செயல் என்றே கருத வேண்டும். கோடு போட்டுப் போட்டு எனக்கு விரல் வலித்தது. கடைசி விநாடிகளில் எதிரணி ஐம்பத்தெட்டு, நாங்கள் ஐம்பத்தேழு. இரண்டு பேர் எறும்பின்மேல் பாய்ந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்காமலே பந்தை நாற்பத்தேழாவது முறையாக இழந்தாள். கொக்கு அதைக் கூடைக்குள் இறக்கிவைத்தாள். ஊதல் ஒலித்தது.

அந்தக் கணத்தில் நானும் எழுந்து நின்றேன் என்று மாஸ்டர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். பேனா கீழே விழுந்தது, அதை எடுக்கத்தான் எழுந்தேன்.

மறுநாள் குழு கூடி, வென்றதற்கு அணியைப் பாராட்டியது. 'எச்சரித்த பின்னரும் வேண்டுமென்றே நாற்பத்தேழு முறை கல்லூரியின் உடைமையை இழந்தமைக்காக' எறும்பை அணியிலிருந்தும் ஒதுக்கீட்டிலிருந்தும் விடுதியிலிருந்தும் நீக்கியது. 'வருங்காலப் பங்கு' என்ற இடத்தில் 'பார்வையாளர், அனுமதி உண்டு' என்று பெருந்தன்மையோடு எழுதினோம். கொக்குக்குத் 'தனிமனித சாதனை'ச் சான்றிதழ் கொடுத்தோம்.

"அவ பந்து கொடுக்கலன்னா நான் வெறும் கம்பம் சார். இது எனக்கு வேண்டாம்," என்றாள் அவள். தன்னடக்கம் என்று குறித்துக்கொண்டு சான்றிதழைக் கோப்பிலேயே வைத்தோம். மாஸ்டர் ஊதலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். இருப்பில் சேர்த்துவிட்டேன்.

மாற்றுச் சான்றிதழில் கையெழுத்து வாங்க எறும்பு என் அறைக்கு வந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கான ஆறுதல் வாக்கியம் ஒன்றும் தயாராக வைத்திருந்தேன். அவள் அழவில்லை. நான் கையெழுத்திடும்வரை சுவரில் தொங்கிய என் பட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேள்."

"நீங்க இத்தனை வருஷமா பாடம் எடுக்கறீங்க. உங்ககிட்ட கத்துக்கிட்டதை வெச்சு ஒரு புள்ள முன்னுக்கு வந்தா, அதை இந்தப் படிவத்துல எந்தக் கட்டத்துல போடுவீங்க?"

விதி எல்லோருக்கும் ஒன்றுதான். "இழந்ததில்தான்," என்றேன்.

"சரி சார்," என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துக்கொண்டு போனாள்.

அந்தக் கேள்வி எனக்குப் பெரிய உதவி செய்தது. ஆசிரியர்களையும் இதே படிவத்தில் மதிப்பிடலாமே என்று தோன்றியது. முதல்வர் உடனே ஒப்புதல் தந்தார். முதல் படிவத்தை எனக்கு நானே நிரப்பினேன். பெற்றது என்ற கட்டத்தில் என் ஆசிரியர்கள் எனக்குத் தந்ததையெல்லாம் எழுதினேன், இடம் போதவில்லை. இழந்தது என்ற கட்டத்துக்காகப் பழைய வருகைப் பதிவேடுகள் அத்தனையையும் எடுத்து, மூவாயிரத்துச் சொச்சம் பெயர்களையும் ஒன்றுவிடாமல் பார்த்தேன். என்னிடமிருந்து எதையேனும் வாங்கிக்கொண்டு போனவர் என்று சொல்ல அதில் ஒருவர்கூட இல்லை. இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் என் இழப்பு, சுழியம். இந்த ஆண்டின் சிறந்த ஆசிரியர் விருதை எனக்கு அளிக்கக் குழு ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது.