மூன்று பூட்டுகளுக்குள் ஊதிய சங்கு

மேடையேறி அறிவுரை வழங்குபவனை அவனுடைய கைகளே காட்டிக்கொடுத்துவிடும். நாம் வாய்க்குப் பயிற்சி தருகிறோம். கைக்கு யாரும் தருவதில்லை. இதை நான் எந்த நூலிலும் படித்து அறியவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் அரங்கில், மாணவரும் பெற்றோரும் நிறைந்திருந்த சபையில், என் மானத்தைக் கட்டணமாகச் செலுத்திக் கற்றுக்கொண்டேன்.

முதலில் என் தகுதிகளைச் சொல்லிவிடுகிறேன். (சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பது வீட்டாரின் கருத்து.) நான் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். தொழிற்பேட்டையில் ஓர் இரசாயன ஆலையின் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். பணியிலிருந்த காலத்தில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே தொழிலாளரின் தலைக்கவசங்கள் தலையேறிவிடும். இன்றும் இஸ்திரி போடாத சட்டையுடன் நான் பால் வாங்கக்கூடத் தெருவில் இறங்குவதில்லை.

அப்படிப்பட்ட என்னை ‘திறன்பேசியும் வளரிளம் மூளையும்’ என்ற தலைப்பில் பேச வருமாறு பள்ளியின் தலைமையாசிரியை அழைத்தார். அந்தப் பள்ளிக்கு நான் புதியவன் அல்லன். சுற்றிலும் ஆலைகள் இருப்பதால், அபாயச் சங்கு ஊதினால் நடந்துகொள்ள வேண்டிய முறையை முந்தைய ஆண்டு நான்தான் அங்கே ஒத்திகை நடத்திக் கற்பித்திருந்தேன். ஓடக்கூடாது, கூச்சலிடக்கூடாது, வரிசையாக வெளியேறி மைதானத்து வேப்பமரத்தடியில் கூட வேண்டும், பாதுகாப்பு அதிகாரி நேரில் வந்து “அபாயம் நீங்கியது” என்று அறிவிக்கும்வரை ஒருவரும் உள்ளே திரும்பக்கூடாது. என் பேத்தி யாழினி அங்கேதான் பதினோராம் வகுப்பு படித்தாள்.

யாழினிக்கும் எனக்கும் திறன்பேசி குறித்து வீட்டில் ஓயாத வழக்கு. “இந்த வயதில் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர்ந்திருக்காது. ஆசையைத் தூண்டும் பகுதி முந்திக்கொள்ளும், அடக்கும் பகுதி பிந்தி வரும்” என்று நான் விளக்குவேன்.

“உங்களுக்குத்தான் ஃபுல்லா முதிர்ந்துடுச்சே தாத்தா. நீங்க இன்னாத்துக்குச் சாப்புடும்போதுகூட அதையே நோண்டிக்கினு கீறீங்க?”

“நான் செய்தி பார்க்கிறேன்.”

“நானும் ஃப்ரெண்ட்ஸுங்க செய்திதான் பாக்குறேன்.”

“ரெண்டு பேரும் ஒரே அச்சு” என்பாள் என் மனைவி சரஸ்வதி, ரசக் கரண்டியோடு நின்றபடி. “உங்களுக்கு நடுவுல மாட்டிக்கினு எனக்குத்தான் பேஜாரு.”

சொற்பொழிவு நாள் நெருங்கியபோது எனக்கு ஓர் அபாரமான யோசனை உதித்தது. (அபாரம் என்பது அன்றைய என் மதிப்பீடு.) ஆலையில் ஓர் இயந்திரத்தைப் பழுது பார்க்கும்போது அதன் மின்விசையை அணைத்து, பழுது பார்க்கும் ஒவ்வொருவரும் ஒரே கொக்கியில் தத்தம் பூட்டைப் போடுவார்கள். அவரவர் சாவி அவரவரிடம்தான் இருக்கும். அத்தனை பேரும் வந்து திறந்தாலன்றி விசையைத் தொட முடியாது. இந்த முறையை நான் திறன்பேசிக்குப் பொருத்தினேன். ஒரு தகரப் பெட்டி வாங்கிக் கொக்கி பொருத்தினேன். சொற்பொழிவு நாள் காலையில் என் போனையும் யாழினியின் போனையும் உள்ளே வைத்து மூன்று பூட்டுகள் போட்டோம். என்னுடையது ஒன்று, அவளுடையது ஒன்று, நடுவர் என்ற முறையில் சரஸ்வதியுடையது ஒன்று. மேடையில் தொந்தரவு கூடாதென்று என் போனை முன்னதாகவே ஒலியில்லாமல் செய்துவிட்டேன்.

மாலைக்குள் பெட்டியைத் திறக்கச் சொல்லி முதலில் கேட்பவர் தோற்றவர். அவள் தோற்றால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடியும்வரை அவளுடைய போன் பெட்டிக்குள் கிடக்கும். நான் தோற்றால் இனி வீட்டில் போனைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

“பேசாம இருப்பீங்களா? நீங்களா?” என்றாள் யாழினி.

“எனக்கும் அதுதான் சந்தேகம்” என்றாள் நடுவர்.

மேடையில் ஒலிவாங்கிக்கு அருகிலேயே பெட்டியை வைத்துப் பந்தயத்தைச் சபைக்கு அறிவித்தேன். அரங்கம் அதிர்ந்தது. பிறகு மூளையைப் பற்றித் தொடங்கினேன். “பாரம் தூக்கும் கிரேனுக்கு மோட்டார் வந்துவிட்டது, பிரேக் இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் மூளை!” என்றேன். கைதட்டல். “முதிர்ந்த மூளையோ தன் கைகளைத் தன் கட்டுக்குள் வைத்திருக்கும்” என்றேன். இன்னும் பெரிய கைதட்டல். முன்வரிசைப் பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். என் பேச்சில் இத்தனை நகைச்சுவை இருப்பதை அதுவரை நான் அறிந்திருக்கவில்லை. அறிவார்ந்த சபை என்று மனத்துக்குள் பாராட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் சங்கு ஊதியது.

ஆலையின் அபாயச் சங்கு. ஏறி, இறங்கி, மீண்டும் ஏறும் அதே ஊளை. அரங்கின் நான்கு மூலைகளிலிருந்தும் ஒலித்தது. என் உடம்புக்குள் பழைய அதிகாரி விழித்துக்கொண்டான். “அமைதி! ஓடக்கூடாது! வரிசையாக வேப்பமரத்தடிக்கு!” என்று ஒலிவாங்கியில் கர்ஜித்தேன். பிள்ளைகள் ஒரு சத்தமுமின்றி எழுந்து வரிசையாக வெளியேறினார்கள். பெற்றோரும் ஆசிரியைகளும் பின்தொடர்ந்தார்கள். நடுவராக வந்திருந்த சரஸ்வதிகூட முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு போனாள். நான் கற்பித்ததன் பலனைக் கண்ணெதிரே கண்டு நெஞ்சு விம்மியது.

அரங்கில் ஒரே ஒருத்தி மட்டும் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தாள்.

“யாழினி! சங்கு ஊதுவது காதில் விழவில்லையா?”

“டெய்லி காலையில விழுதே தாத்தா. அது உங்க அலாரம்.”

பணி ஓய்வு நாளன்று ஆலையின் அபாயச் சங்கொலியை நினைவாக என் போனில் பதிவுசெய்து வைத்திருந்தேன். அது இல்லாமல் எனக்கு விழிப்பு வராது. சொற்பொழிவைக் குறித்த நேரத்தில் முடிக்கும் ஒழுங்குக்காக முதல் நாளே அதே ஒலியில் அலாரமும் வைத்திருந்தேன். போனின் வாயை அடைத்தாலும் அலாரத்தின் வாய் அடைபடாது என்பது முதுகலை வேதியியலில் வராத பாடம். தகரப் பெட்டி முழங்க, பக்கத்து ஒலிவாங்கி அதை எனக்கும் சரஸ்வதிக்குமே அடையாளம் தெரியாத அளவுக்குப் பெருக்கி அரங்கமெங்கும் பரப்பியது.

“பொட்டியைத் தொறக்கணுமா தாத்தா?” அவள் தன் சாவியை விரலில் சுழற்றினாள். “வாயத் தொறந்து கேளுங்க.”

நான் கேட்கவில்லை. தெய்வாதீனமாக அலாரம் தானே ஓய்ந்தது. சட்டையைச் சரிசெய்துகொண்டு வேப்பமரத்தடிக்கு நடந்தேன்.

“இது நான் திட்டமிட்டிருந்த திடீர் ஒத்திகை” என்று அறிவித்தேன். “நீங்கள் அனைவரும் தேறிவிட்டீர்கள். அபாயம் நீங்கியது!”

தலைமையாசிரியை நெகிழ்ந்துபோனார். “பேச்சுக்கு நடுவுல இப்படியொரு ஏற்பாடா! உங்களாலதான் சார் முடியும்.” எதிரே டீக்கடை வைத்திருந்தவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். “சார், ஸ்டவ்வ அணைச்சிட்டேன். திரும்பப் பத்த வெக்கலாமா?” “தாராளமாக” என்றேன். வரிசை அரங்கை நோக்கி நகர்ந்தது.

படியில் முதல் பிள்ளை கால்வைத்த கணத்தில் சங்கு மறுபடி ஊதியது. அணைக்கப்படாத அலாரம் சற்று நேரம் கழித்துத் தானே திரும்பி ஒலிக்கும் என்பதும் வேதியியலில் இல்லை.

வரிசை அப்படியே திரும்பி வேப்பமரத்தடிக்கு வந்தது. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ரெண்டாவது ஒத்திகையா தாத்தா?” என்று பின்னாலிருந்து கேட்டாள் யாழினி.

தலைமையாசிரியையின் முகம் வெளுத்தது. “சார், இது உங்க ஏற்பாடுதானா? நிஜமா இருந்தா? பக்கத்து ஃபேக்டரிக்கும் தீயணைப்புக்கும் போன் போட்டுடறேன்” என்று எண்ணைத் தேடத் தொடங்கினார். தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து ஒரு தகரப் பெட்டியின்மேல் தண்ணீர் பீய்ச்சும் காட்சி என் கண்முன் விரிந்தது.

“வேண்டாம் அம்மா!” என்று அலறினேன். பிறகு குரலைத் தாழ்த்தி, “சரஸ்வதி, கொஞ்சம் உள்ளே வா. சாவி வேண்டும்.”

“நான் வரமாட்டேன்” என்றாள் அவள், மூக்கிலிருந்து முந்தானையை எடுக்காமல். “சங்கு ஊதிக்கினு கீது. உள்ள போவக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“அது சங்கு இல்லை. என் அலாரம்.”

“இன்னாது?”

“அலாரம்! பெட்டிக்குள் இருக்கிறது! பெட்டியைத் திற!”

மைதானம் முழுவதும் கேட்கும் குரலில் அதைச் சொல்லிவிட்டேன். பிறகு எழுந்த ஆரவாரத்தில் வேப்பமரத்துக் காகங்கள் எல்லாம் பறந்துபோயின. பிள்ளைகள் யாழினியைத் தோளில் தூக்காத குறை. தலைமையாசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவருடைய தோள்கள் குலுங்கியதை நான் கவனித்தேன்.

மூவரும் போய்ப் பெட்டியைத் திறந்து சங்கை அடக்கினோம். “பரவாயில்லை. பேச்சு நன்றாகவே அமைந்தது. எத்தனை கைதட்டல்!” என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

“தாத்தா,” என்றாள் யாழினி, கொஞ்சம் இரக்கத்தோடுதான். “கைதட்டுனது உங்க பாயின்ட்டுக்கு இல்ல. பாக்கெட்டுக்கு. ஒவ்வொரு பாயின்ட் முடிஞ்சதும் உங்க கை போயி சட்டைப் பாக்கெட்ல போனைத் தேடிச்சு. போனு பொட்டியில கீது. கை மட்டும் தேடிக்கினே இருந்துச்சு.”

மறுத்துப் பேச வாயெடுத்தேன். என் கை அப்போதும் சட்டைப்பையின் மேல்தான் இருந்தது.

அந்தப் பள்ளி எனக்கு நன்றிக் கேடயம் அனுப்பியது. ‘சிறந்த ஒத்திகைக்காக’ என்று பொறித்திருந்தார்கள். மூளையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

பந்தயப்படி நான் வீட்டில் போனைப் பற்றிப் பேசுவதில்லை. யாழினியோ இப்போது கல்லூரி மாணவி. சாப்பாட்டு நேரத்தில் அவளாகவே போனைத் தொடுவதில்லை. என் கையைக் கவனிப்பது அதைவிடச் சுவாரஸ்யமாம். செய்தி பார்க்கலாமென்று என் விரல்கள் மெல்லச் சட்டைப்பையை நெருங்கும்போது அவள் வாயாலேயே சங்கு ஊதுவாள், ஏற்ற இறக்கம் பிசகாமல். உடனே வீட்டார் அத்தனை பேரும் பேசாமல், ஓடாமல், அவரவர் தட்டுடன் வரிசையாகப் பின்கட்டு முருங்கை மரத்தடிக்குப் போய்விடுவார்கள். சாம்பார்ப் பாத்திரத்தைச் சரஸ்வதி எடுத்துக்கொண்டு போவாள்.

நான் நேரில் போய், “அபாயம் நீங்கியது” என்று சொல்லும்வரை ஒருவரும் திரும்புவதில்லை. சாம்பாரும்தான்.