படத்தை இழுத்தால் ரேஷியோவுக்கு ஆகாது

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கோபப்படுவதற்கென்றே பிறந்த ஒரே மனிதர் ரேஷியோதான். நமக்கெல்லாம் கோபம் விருந்தாளி மாதிரி வந்து போகும். அவரிடம் அது குடும்பத்தோடு குடியேறிவிட்டது.

நான் அப்போது ஒரு கேபிள் டிவி ஆபீசில் புகார் எழுதிக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அவர் வீடு வீடாகப் போய் இணைப்பைச் சரிசெய்யும் டெக்னீஷியன். சொந்தப் பெயர் முதலாளிக்கே மறந்துவிட்டது. சதுரமாக எடுத்த பழைய படத்தை அகலமான டிவியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துவைத்து யாராவது பார்த்தால் அவருக்கு ஆகாது. "ரேஷியோ பூட்ச்சு!" என்று கத்துவார். படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள அந்த விகிதமே அவர் பெயராகிவிட்டது. அதை அரைகுறையாகக் காதில் வாங்கிய ஒரு அம்மா, ரேஷன் கடைக்காரர் என்று நினைத்து, பாமாயில் எப்போது வரும் என்று அவரிடமே கேட்டார். அந்த அம்மாவுக்கும் திட்டு விழுந்தது.

ஒருநாள் தியாகதுருகத்திலிருந்து போன். "சார், உங்க ஆளு வந்தாருங்க. கேபிள சரி பண்ணாம எங்க வூட்டு டிவிய திட்டிட்டு பூட்டாருங்க."

ரேஷியோவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இன்னா பண்ண சொல்ற? அந்த வூட்ல கதாநாயகி மொகம் பூசணிக்கா மாரி கீது. ரெண்டு பக்கமும் கருப்பு வுட்டு வெச்சேன். 'நாங்க முழு டிவிக்கும் காசு குட்த்தோம்'னு அந்தாளு சண்டைக்கு வரான்."

டீக்கடை விவகாரம் இதைவிட மோசம். கிரிக்கெட்டில் கடைசி ஓவர். கடை முழுக்கக் கூட்டம். பந்து நீள்வட்டமாகத் தெரிகிறது என்று ரேஷியோ ரிமோட்டைப் பிடுங்கினார். மெனுவுக்குள் போனார். அதற்குள் இன்னொரு மெனு. வெளியே வருவதற்குள் ஆட்டம் முடிந்து பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரை அன்றைக்கு அடி விழாமல் வெளியே இழுத்து வந்தவன் நான். "எதுக்கு இழுத்துகினு வந்த?" என்று வழியெல்லாம் என்னைத்தான் திட்டினார்.

இப்படிப்பட்டவரை நானே என் வீட்டுக்குக் கூப்பிட்டேன் என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தது.

எனக்கு ஒரு தம்பி. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஜீப் ஓட்டுகிறான். என் மகள் காதுகுத்துப் பத்திரிகையில் அவன் பெயர் விட்டுப்போனது. அச்சுக்குக் கொடுத்தது நான். மன்னிப்புக் கேட்கவில்லை, "ஒரு பேருக்கு இவ்ளோ ஆட்டமா?" என்று வேறு கேட்டுவைத்தேன். மூன்று வருடம் பேச்சு இல்லை. கடைசியில் என் மனைவி எப்படியோ பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள்.

என்ன பேசுவது என்று தெரியாமல் ஒரு ஏற்பாடு செய்தேன். சின்ன வயதில் இருவரும் சண்டைபோட்டு விளையாடிய டிவி கேம். டாங்கி ஓட்டிச் சுடும் ஆட்டம். அந்தக் கேசட் விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓடவைக்க எமுலேட்டர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அதைப் போட்டேன். ஓடியது. படத்தை இன்னும் பளிச்சென்று ஆக்கலாமே என்று வீடியோ மெனுவில் எதையோ மாற்றினேன். திரை கறுத்துவிட்டது. மூடித் திறந்தாலும் கறுப்பு. தம்பி வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. ரேஷியோவுக்குப் போன் போட்டேன்.

வந்து உட்கார்ந்தார். "யாரு கை வெச்சது?"

"நான்தாண்ணே."

"கைய ஒடைக்கணும்."

செட்டிங் எழுதிவைத்திருக்கும் கோப்பைத் தேடிக் கண்டுபிடித்து அழித்தார். எல்லாம் பழையபடி ஆகி, படம் வந்தது. நான் கும்பிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் படம் அகலமாக இழுபட்டிருந்தது. டாங்கி ஒவ்வொன்றும் லாரி நீளத்துக்குத் தெரிந்தது. ரேஷியோ நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தம்பி வந்தான். "வா" என்றேன். "ம்" என்றான். கட்டிலின் அந்த ஓரம் அவன், இந்த ஓரம் நான். நடுவில் ரேஷியோவின் முதுகு.

"வீடியோன்னு ஒரு மெனு. உள்ள போனா அவுட்புட்டு. அதுக்குள்ள திருப்பி வீடியோ! எந்தப் பரதேசி செஞ்சான் இத?"

சரிசெய்தார். ஆட்டத்தை மூடித் திறந்தால் மறுபடி இழுபட்டு நின்றது. மறுபடி சரிசெய்தார். மறுபடி அதே கதை.

"கேமுக்கு ஒரு செட்டிங், மிசினுக்கு ஒரு செட்டிங், மொத்தத்துக்கும் ஒரு செட்டிங். ஒரே வூட்ல இருந்துகினு ஒண்ணுக்கொண்ணு பேசிக்காதாம்!"

நானும் தம்பியும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தோம்.

முக்கால் மணி நேரம் போனது. குழம்பு ஆறியது. "அண்ணே, பரவால்ல வுடுங்க, இப்டியே ஆடறோம்" என்றேன். முறைத்தார். தம்பி ஜாய்ஸ்டிக்கை எடுத்தான். ரேஷியோ அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

தம்பி எழுந்தான். "யோவ்! எங்க வூட்ல வந்து எங்களையே ஆட வுட மாட்டியா?"

எங்க வூடு என்றான். மூன்று வருடமாக இந்த வாசலை மிதிக்காதவன்.

"நீ யார்யா?" என்றார் ரேஷியோ.

"இவரோட தம்பி!" என்று என்னைக் காட்டினான்.

"தம்பியா? ஏழு வருசமா இவன் என்கூட ஒரே ஆபீஸ்ல குந்திகினு கீறான். ஒரு தம்பி கீறான்னு ஒருநாள் சொன்னதில்லயே!"

தம்பி என்னைப் பார்த்தான். எனக்கு ரேஷியோவின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் சொன்னது நிஜம். பத்திரிகையில் மட்டுமா அவன் பெயரை விட்டேன்?

"தப்பு என்னுதுதான்டா" என்றேன். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். திமிரு."

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"சேவ் ஆயிட்ச்சு!" என்று கூரை அதிரக் கத்தினார் ரேஷியோ.

"யோவ், சும்மா இருய்யா!" என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் கத்தினோம். மூன்று வருடத்தில் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆட்டம் தொடங்கியது. முதல் நிமிடத்திலேயே தம்பி என் டாங்கியைச் சுட்டான். ரேஷியோவுக்கு வாழைஇலை போட்டோம். பாயசம் வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. "படம் இன்னும் கொஞ்சம் அகலமா இருந்தா நல்லாருக்கும்" என்றான் தம்பி. ரேஷியோ பாதி குடித்த டம்ளரை வைத்துவிட்டுச் சொல்லாமல் கிளம்பிவிட்டார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

பிறகு கேபிள் பார்க்கிற ஆள் குறைந்து ஆபீஸை மூடிவிட்டார்கள். அவர் சேலத்தில் மகளோடு போய் இருந்துவிட்டார்.

போன மாதம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சங்கராபுரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் செல்போனைப் பிடுங்கியது.

"எழுத்த இவ்ளோ பெருசா வெச்சிகினு கீற! பஸ்ஸுல போறவன் எல்லாம் உன் வூட்டு சமாச்சாரம் படிக்கறான். அறிவு கீதா?"

இளைத்திருந்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது. என் பஸ் வந்து, ஆளேற்றி, கிளம்பிப் போனது. அடுத்தது அரை மணி நேரம் கழித்துத்தான். இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.